குன்னூர்ச் செடி பூக்காத வருஷம்

முந்தாநாள் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து போன் செய்து, மகளை எப்போது அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டார். சில நாள் விடுப்பு என்று வந்தவள் இன்னும் கிளம்பவில்லை. காரணமும் சொல்லவில்லை. இந்த வெயிலில் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். "அவளுக்கு இன்னும் உடம்பு தேறலைங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். பேசியது நான்தான், குரல் மட்டும் என் அப்பாவுடையதாக இருந்தது.

அப்போது திருத்தணியில் மலையடித் தெருவில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒரு பொங்கலுக்கு அத்தை குன்னூரிலிருந்து வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. கூட வந்த மாமா ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா. அவர் கையில் ஒரு மண்தொட்டி, அதில் அகல இலைகளோடு ஒரு செடி. ஹைட்ரேஞ்சியா என்றார். எங்கள் வாயில் அது நுழையாததால் குன்னூர்ச் செடி ஆயிற்று. அங்கே வேலியோரமெல்லாம் ஆளுயரத்துக்கு நீலப் பந்து பந்தாகப் பூக்குமாம். உடம்பு தேறும்வரை அத்தை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பிய மாமா, முற்றத்தில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தபடி, "இது பூத்ததும் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன், சரியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள்.

அன்று முதல் அந்தச் செடியைப் பூக்கவைப்பது எங்கள் வீட்டு வேலையாகிவிட்டது.

மலைநாட்டுச் செடி, எங்கள் ஊர் வெயிலில் பதினொரு மணிக்கெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். பதறிப்போய் அப்பா வாளியோடு ஓடுவார். "வாளி வாளியா ஊத்திகினு இருக்கீங்களே, அது செடியா எருமையா?" என்று அம்மா கேட்பாள். சாயங்காலம் பார்த்தால் தானாக நிமிர்ந்து நிற்கும். அது வாடுவது தாகத்தினால் மட்டுமில்லை, வெயிலுக்கு இலை கொஞ்சம் ஓய்வெடுக்கிறது என்று புரிவதற்குள் வேர் பாதி அழுகியிருந்தது. தொட்டியைக் கிணற்றுக்குக் கிழக்கே, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினோம். எங்கள் உப்புத்தண்ணீருக்கு இலை மஞ்சளானபோது தூரத்துக் குளத்துத் தண்ணீர் வந்தது. மண் புளிப்பாக இருந்தால்தான் பூ நீலமாகும், இல்லாவிட்டால் ரோஸாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த படிகாரத்தை அம்மா அவிழ்த்துக் கரைத்து ஊற்றினாள். நான் நீலத்துக்கும் அவள் ரோஸுக்கும் பந்தயம் கட்டினோம்.

மாசி மாதத்து விடியற்காலைகளில் மலையின் பாதியைப் பனி மறைத்திருக்கும். மேலே கோயிலிலிருந்து வரும் பாட்டு மட்டும் ஆகாயத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படியொரு காலையில் கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் அத்தை. குளிருக்குத் தைத்த முழுக்கை ரவிக்கையோடு குனிந்து, கத்தரிக்கோலால் செடியின் நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தே வெட்டுறே?"

"நுனியில பூச்சி வந்துகினு இருக்குது கண்ணு. இத எடுத்துட்டா செடி பொழைச்சிக்கும்."

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. இலை தளதளவென்று இருந்தது, பூ மட்டும் இல்லை. அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்தார். உடன் வேலை செய்த ஊட்டிக்காரர் ஒருவரிடம் விசாரித்து வந்து ஒரு நாள் சாப்பாட்டின்போது சொன்னார்.

"போன வருஷத்துக் கிளை நுனியிலதான் பூவே ஒளிஞ்சிருக்குமாம். அத வெட்டிட்டா அந்த வருஷம் பூக்காதாம்."

"அத்தைதாம்ப்பா வெட்டினாங்க. பூச்சி வந்துடுச்சாம்" என்றேன் நான், விவரம் தெரிந்தவளாக.

அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த முழுக்கை ரவிக்கையைப் பார்த்தார். "ஆங்... பூச்சின்னா வெட்டித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார்.

ஆனால் செடியின் அடியில், இலைக்குள் மறைந்த ஒரு கிளையை அத்தையின் கத்தரிக்கோல் பார்க்கத் தவறியிருந்தது. ஆடியில் அதன் நுனியில் சின்னக் காலிஃப்ளவர் போல ஒரு மொட்டுக்கொத்து வந்தது. நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு மாமா வருவதாகப் பக்கத்து வீட்டு போனில் சொல்லியிருந்தார்.

கிருத்திகையன்று விடிவதற்கு முன்பே தெருவில் காவடிகள் போகத் தொடங்கிவிட்டன. அரோகரா சத்தத்தில் விழித்து, மொட்டு விரிந்துவிட்டதா என்று பார்க்க ஓடினேன். அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் அந்தக் கொத்து. நேராகத் தெருவுக்குப் போனார். சாமந்தி சாத்தியிருந்த ஒரு புஷ்பக் காவடிக்காரரை நிறுத்தி, அந்தக் கொத்தையும் மாலைகளுக்கு நடுவே செருகினார். காவடி ஆடிக்கொண்டே மலையேறியது. இன்னும் பச்சையாகவே இருந்த அந்தக் கொத்து, மஞ்சள் பூக்களுக்கு நடுவே சிறிது நேரம் தெரிந்து, பிறகு கூட்டத்தில் கரைந்துபோயிற்று. நீலமா ரோஸா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அழுதேன். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த மனுஷனுக்குச் செடி வளர்க்கவே தெரியவில்லை என்று கோபம்.

மத்தியானம் மாமா வந்தார். தொட்டியருகே சிகரெட்டோடு நின்று, "என்ன மச்சான், பூத்துச்சா?" என்றார்.

"இந்த வருஷம் பூக்கல மாப்ள. கொஞ்ச நாள் போகட்டும்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. வாயைத் திறக்கப்போன என்னை அம்மா அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டாள். மாமா சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சிரித்தபடி கிளம்பினார். அடுத்த வருஷமும் பூக்கவில்லை. அத்தை குன்னூருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அந்தக் கிருத்திகையன்று சாயங்காலம் அத்தை குளித்துவிட்டு, அம்மாவின் அரைக்கை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து, எனக்குத் தலை பின்னினாள். அவள் கையில், முழங்கைக்கு மேலே, பொட்டுப் பொட்டாக, ஒரே அளவில் வட்டமான பழைய தழும்புகள். எண்ணெய் தெறித்திருக்கும், குன்னூர்க் குளிருக்குத் தினமும் அப்பளம் பொரிப்பார்கள் போல, என்று நினைத்துக்கொண்டேன்.