ஒன்பதாம் வகுப்புக்கு வந்த அக்கா

அமலாவுக்குப் பதினாறு வயதானபோது அவளோடு படித்த பெண்களெல்லாம் பிளஸ் ஒன்னில் சேர்ந்திருந்தார்கள். அவளோ ஒன்பதாம் வகுப்பில் இடம் கேட்டுப் போய் நின்றாள்.

எட்டாவது முடித்த கோடையில் அவள் அம்மா மீனம்பாள் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அப்பா விநாயகம் செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். அவர் வீட்டில் உட்கார்ந்தால் உலை கொதிக்காது. அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, சமைக்க என்று அமலா வீட்டோடு நின்றுவிட்டாள். தங்கை கவிதா மட்டும் பள்ளிக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து, அம்மா சுவரைப் பிடிக்காமல் தெருமுனைக் கடைவரை நடந்துபோய் வந்த அன்றே அமலா அப்பாவிடம், "நைனா, நான் திரும்பி ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள்.

தலைமையாசிரியை சுந்தராம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வயசுக்கு நீ பிளஸ் ஒன்ல இருக்கணும். ஒம்பதாவதுல எல்லாம் பதினாலு வயசுப் பிள்ளைங்கம்மா. கஷ்டமா இருக்கும். பேசாம வீட்லருந்தே படிச்சி, பத்தாவது பரீட்சைய தனியா எழுத முடியுமான்னு பாக்கலாமே?"

"ஒம்பதாவதுல இன்னா இருக்குதுன்னே தெரியாம பத்தாவது எழுதி இன்னா டீச்சர் பண்றது? விட்ட எடத்துலர்ந்தே வரேன்."

முதல் நாள், சீருடை இன்னும் தைக்காததால் புடவையில் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார்கள். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. அது கவிதா.

மதியம் கைகழுவும் இடத்தில் தங்கை கிசுகிசுத்தாள். "அக்கா, நாம கூடப் பொறந்தவங்கன்னு யாருக்கும் சொல்லாதே."

அமலா குழாயை மூடினாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே தங்கையிடம்தான் போய் உட்கார்ந்தாள். "இந்த எக்ஸும் ஒய்யும் இன்னாடி? சொல்லு." கவிதா சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் தங்கை ஆசிரியை, பள்ளியில் யாரோ என்று நாட்கள் போயின. வகுப்பில் அமலாவுக்கு ஆயா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கார்த்திகையில் வகுப்பை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு அழைத்துப் போனார்கள். இறங்கும்போது மிஸ்பா என்ற பெண் படியில் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. டீச்சர் முன்னால் வெகுதூரம் இறங்கியிருந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று ஆளுக்கொன்று பேச, மிஸ்பா வலியில் அலறினாள்.

அமலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முதுகைக் காட்டிக் குந்தினாள். "கழுத்தக் கட்டிக்கோ. கீழ பாக்காதே."

செங்குத்தான படிகள். ஒவ்வொன்றாகக் காலூன்றி, திருப்பத்தில் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கி, மறுபடி இறங்கினாள்.

"ஆயாவுக்கு இன்னா பலம் பாருடி!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"ஆயா இல்ல. எங்க அக்கா!" கவிதாவின் குரல் உடைந்து வந்தது. "எங்கம்மாவ ரெண்டு வருஷம் இப்டித்தான் தூக்கினா. அவ வீட்ல நின்னதாலதான் நான் ஸ்கூலுக்கு வந்தேன்."

கொஞ்ச தூரத்துக்கு அமலாவுக்கு மிஸ்பாவின் கனமே தெரியவில்லை.

அதற்காகக் கணக்கு ஒன்றும் இரக்கம் காட்டிவிடவில்லை. அரையாண்டில் ஃபெயில். முழு ஆண்டில் தப்பித்தாள். பத்தாவதில் கவிதா பள்ளியில் இரண்டாவதாக வந்தாள், அமலா நடுவாந்தரமாகத் தேறினாள். "நான் வாங்கினது கம்மிதான். ஆனா எல்லாம் புரிஞ்சி வாங்கினது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

இருவரும் பிளஸ் ஒன்னில் படித்துக்கொண்டிருந்தபோது தேர்தல் வந்தது. அமலாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அவர்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. தான் பாடம் படிக்கும் அறைக்குள் வாக்காளராகப் போய், விரலில் மையோடு வெளியே வந்தாள். வகுப்பில் ஓட்டுப் போட்டவள் அவள் ஒருத்திதான். வாசலில் காத்திருந்த தோழிகள் அவள் கையைப் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவளைவிடச் சிறிய அந்தப் பெண்களின் முகத்தில் அன்று பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது.

"யாருக்குக்கா போட்ட?" என்று கவிதா காதோரம் கேட்டாள்.

"அதெல்லாம் சின்னப் பசங்ககிட்ட சொல்லக்கூடாது" என்றாள் அமலா.