காலிகோ அட்டை போட்ட மேனுவல்

தடியான அந்தப் புத்தகத்தின் சிவப்புக் காலிகோத் துணி அட்டையை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. முதுகில் தங்க எழுத்து வேறு! எழுபதுகளின் நடுவில் தியாகராய நகரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் புரோகிராமர். எங்களுக்கு இருந்த ஒரே மேனுவல் அது. எந்தக் கட்டளையை எப்படி எழுதினால் இயந்திரம் ஏற்கும் என்பது அதில் மட்டும்தான் இருந்தது. கடையிலும் கிடைக்காது, நூலகத்திலும் கிடைக்காது. எங்கள் மேனேஜர் அதைத் தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சந்தேகம் என்று போய் நின்றால், புத்தகத்தைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, வேண்டிய வரியை அவரே வாசிப்பார். "போதுமா? போய் வேலையைப் பாரு" என்பார். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம் குங்குமத்தோடு அது வெளியே வரும். அன்றைக்குப் படிக்கக் கூடாதாம்!

அந்த மேனுவல் வரும்போது புத்தகமாகவே வரவில்லை. வளையம் போட்ட ஃபைலில் தனித்தனித் தாள்களாக வந்தது. இயந்திரக் கம்பெனி எதையாவது மாற்றினால் புதுத் தாள் அனுப்பும்; பழையதைக் கழற்றிவிட்டு அதைச் செருக வேண்டும். அதற்காகத்தான் வளையம். நம்ம ஆள் என்ன செய்தார்? தாளை யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, மயிலாப்பூரில் ஒரு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, ஓரம் வெட்டி, அட்டை போட்டு வாங்கிவிட்டார். அதன் பிறகு வந்த புதுத் தாள்கள் உறைகூடப் பிரிக்காமல் பீரோவின் அடித்தட்டில் கிடந்தன.

என் பக்கத்து மேஜையில் ஒரு அக்கா இருந்தார். மயிலாப்பூர்க்காரர், கணக்கில் எம்.எஸ்ஸி. புரொபேஷன் முடிகிற சமயம். வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட முடியும் என்று காத்திருந்தார். சம்பளப் பட்டியல் புரோகிராம் அவர் பொறுப்பு. மேனேஜர் வாசித்துச் சொன்னபடியே எழுதினார். இயந்திரமோ ஒரு வரியில் நின்றுகொண்டு நகர மறுத்தது. சம்பள நாளில் பட்டியல் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் மேனேஜர் கத்தினார்: "பொம்பளைங்களை வேலைக்கு எடுத்தா இதான் கதி!"

அக்கா நிதானமாகத்தான் கேட்டார்: "சார், மேனுவலை ஒரு தடவை நானே பாக்கலாமா?"

"வாய் வேறயா?" என்றார் அவர். அதையே ஒழுங்கீனம் என்று எழுதி அக்காவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

அதே வாரம் இயந்திரக் கம்பெனி எஞ்சினியர் வந்தார். பைண்டிங்கைப் பார்த்தவர், "என்ன சார் இது, கல்யாண ஆல்பமா?" என்று சிரித்தேவிட்டார். உறைகளைக் கிழித்து, ஒரு தாளை எடுத்துப் படித்தார். அந்தக் கட்டளையை எழுதும் முறை எப்போதோ மாறியிருந்தது. அப்போதெல்லாம் புரோகிராமில் ஒரு வரிக்கு ஒரு துளை போட்ட கார்டு; அவரே புதிதாக ஒரு கார்டில் துளையிட்டு மாற்றி வைத்தார். பட்டியல் மளமளவென்று அச்சாகி வந்தது. மெஷின் ஆபரேட்டருக்குப் பொறுக்கவில்லை. "அப்போ அந்தக்கா மேல இன்னா சார் தப்பு கீது?" என்று கேட்டேவிட்டார். மேனேஜருக்கு வெட்கமாவது மண்ணாவது! அந்தத் தாளையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி நாங்கள் எல்லோரும் கேட்டோம். "ஆர்டர் போட்டாச்சு" என்று முடித்துவிட்டார்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அந்த ஆளைத் திட்டவில்லை. "அந்தத் தாள்ல என்னடி போட்டிருந்தது?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. எங்ககிட்ட காட்டலை."

"வேலை போனாப் போறது. நான் எங்க தப்பு பண்ணினேன்னாவது எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அடுத்த தையில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.

என் மகளும் புரோகிராமர்தான். சோபாவில் சாய்ந்தபடி எந்தச் சந்தேகத்தையும் தேடிப் பார்த்துக்கொள்கிறாள். "அந்தக் காலத்துல எல்லாத்தையும் மனப்பாடமா வெச்சிருந்தீங்களாம்மா?" என்று மெச்சினாள். மனப்பாடமாவது! எங்களைப் படிக்கவே விடவில்லையடி என்று கொட்டித் தீர்த்தேன். அவள்தான் அந்த இயந்திரத்தின் பழைய மேனுவலை இணையத்தில் தேடி எடுத்தாள், திருத்தத் தாள்களோடு. யாரோ புண்ணியவான் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தத் தாளும் இருந்தது. மாற்றம் ஒரே வரி. வாய்விட்டு வாசித்தேன். கேட்க அக்கா இல்லை. போன வருஷம் போய்விட்டார். அந்த மனுஷனை நான் மன்னிக்கப் போவதில்லை.