தலைவர் மனைவிக்குக் காய்ச்சல்

குவைத்தின் மங்காஃபில் ராதாவை எல்லாரும் மிஸஸ் சேது என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்கு வெல்லமாய் இனித்தது. திருச்சியில் அவளுக்கு வேறு பெயர்: தாலியறுத்தவள். முதல் கணவன் கல்யாணமான வருஷமே லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். பிறகு சேதுமாதவன் அவளை ரிஜிஸ்தர் ஆபீசில் கைப்பிடித்தபோது அவன் அம்மா பிள்ளையைத் தலைமுழுகினாள். ராதாவைப் பெற்றவர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குவைத் அவளை எதுவும் கேட்கவில்லை. பூவும் பொட்டுமாகச் சில வருஷம் நிம்மதியாக ஓடியது.

எழுபத்தேழின் கடைசியில் தமிழ் மன்றத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. தலைவர் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காருவார். ஆட்டிவைப்பவர் செயலாளர் கோபாலசாமி. அந்த வருஷம் அவர் நாற்காலியே ஆடியது. இவரை இறக்கினால்தான் மன்றம் உருப்படும் என்று கமிட்டியில் பாதிப் பேர் கௌஸ் முகைதீனை நிறுத்தினார்கள். மளிகைக்கடைக்காரர், மன்றத்துக்காக ஓடாய்த் தேய்ந்தவர். அவரைத் தோற்கடிக்கக் கோபாலசாமி பிடித்த ஆள் சேதுமாதவன். கமிட்டி வாசலையே மிதிக்காதவன், ஆனால் வாலிபால் கேப்டன், எல்லாருக்கும் செல்லம். "இவன் தோத்தா நானும் போறேன்" என்று கோபாலசாமி சவால் விட்டார். ஆளைப் பிடித்தாரே தவிர, அவன் வீட்டு விஷயத்தை விசாரிக்கவில்லை.

மன்றத்தில் பொங்கல் விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவது தலைவரின் மனைவி. அதுதான் வழக்கம்.

ராதா தன் கதையை ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கோபாலசாமியின் மனைவி ஷியாமளா. அவள் பிரசவத்துக்கு ராதாதான் பத்தியச் சோறு பொங்கிப் போட்டாள். அந்த நன்றிக்கு ஷியாமளா என்ன செய்தாள்? தன் புருஷன் நிறுத்திய ஆளாயிற்றே என்றுகூடப் பார்க்காமல், நாலு வீட்டில் போய்ச் சொன்னாள். ராதா விளக்கேற்றுவதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கோபாலசாமியின் கோஷ்டியே கொதித்தது. "விசாரிக்காம ஆளை நிறுத்தினா இப்படித்தான் சார். வேற செயலாளரைப் பாத்துக்கறோம்" என்றார்கள். எதிர்த்து நின்ற கௌஸ் முகைதீன் மட்டும், "அந்தப் புள்ளையப் பத்தி எவனாச்சும் மேடையில பேசுனா நான் போட்டியே வேணாம்னு போயிருவேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கோபாலசாமி மனைவியோடு ராதா வீட்டில் வந்து இறங்கினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு இதுல ஒண்ணுமில்ல. ஊர் வாய மூட முடியுமா? பொங்கலன்னிக்கு உனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறோம். விளக்க இவ ஏத்திடுவா."

ஷியாமளா தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ராதா புருஷனைப் பார்த்தாள். பெற்றவளையே எதிர்த்து நின்றவன், இந்த இரண்டு பேரை எழுந்து போகச் சொல்ல மாட்டானா? ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் அவன் காலடியில் கிடப்பாள். சேதுமாதவன் டீ கிளாசைப் பார்த்தபடி, "ஒரு நாள்தானே ராதா" என்றான்.

தேர்தலில் ஜெயித்தான். பொங்கலன்று அவனுடைய பட்டு வேட்டியை அவளே மடித்து எடுத்துக் கொடுத்தாள். காய்ச்சல் என்ற பொய்யை நம்பி, கௌஸ் முகைதீனின் மனைவி அஸ்மத் பீவி கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். ராதா அதைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் மனசில்லாமல் அழுதாள்.

சேதுமாதவன் மாலையும் கழுத்துமாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த வருஷமும் நான்தானாம். ஆனா வருஷா வருஷம் காய்ச்சல்னா எவனும் நம்ப மாட்டான். டிசம்பர்லயே உன்ன ஊருக்கு அனுப்பிடச் சொல்றாரு கோபால் சார். நானும் சரின்னுட்டேன்."

"எந்த ஊருக்குங்க?"

அவளுக்கு எந்த ஊரிலும் வாசல் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அதுக்குத்தான் இன்னும் நாள் கிடக்கே, பாத்துக்கலாம்" என்றான்.