அக்காவுக்கு ஏற்ற கமான் பட்டை

மாமாவை எங்கள் மேட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஏணி' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவருடைய ஜீப் அவ்வளவு உயரம். ஏறுகிறவர்களுக்காக ஒரு முக்காலியை வண்டியிலேயே வைத்திருப்பார். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் எனக்கு மாமா. அவரைக் கேலி செய்வது என் பிறப்புரிமை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து எங்கள் குடியிருப்பு வரை பாறையும் ஓடையும்தான். சாதாரண வண்டி வந்தால் அடிப்பக்கம் கிழிந்துவிடும். ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுத் திரும்பிப் போனார்கள். அதனால் இங்கே ஓடுகிற நாலைந்து ஜீப்பும் தூக்கிக் கட்டியவை. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். கமான் பட்டை என்பார்கள். பாரத்தைத் தாங்குவதும் குலுக்கலை வாங்கிக்கொள்வதும் அதுதான். மாமா அந்த அடுக்கில் கூடுதலாக ஒரு தடித்த பட்டையைச் செருகி வண்டியை உயர்த்தியிருந்தார். பட்டை தடிமனாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும். எங்கள் டிரைவர்களின் அறிவு அதோடு சரி. சிமெண்டும் கேஸ் சிலிண்டரும் ஏற்றுகிறவர்களுக்கு அது போதுமாகவும் இருந்தது.

அக்காவுக்கு முதுகெலும்பில் கட்டி வந்த பிறகுதான் போதவில்லை.

வாரா வாரம் கீழே கூட்டி வந்து கரண்ட் வைக்க வேண்டும், கதிர்வீச்சில்தான் கட்டி கருகும் என்றார் டாக்டர். படுக்கை காலி இல்லை, தங்க வைக்க முடியாது. எங்களுக்கும் கீழே ஒண்டிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. அக்காவை உள்ளே விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரிடமும் தனியாகச் சொன்னார்: "விட்டுட்டீங்கன்னா கட்டி நரம்ப நசுக்கிடும், கால் போயிடும். கால் மரத்துப்போச்சுன்னு சொன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம தூக்கிட்டு ஓடி வாங்க."

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத அவகிட்டச் சொல்லிடாத பாப்பா. பயந்துடுவா." நானும் சரி என்றேன்.

திரும்பி வரும்போது அக்கா கத்தினாள். கை ஒடிந்தபோதுகூட முனகலோடு நிறுத்திக்கொண்டவள். இடுப்பிலிருந்து கால் வழியாக வலி பிய்த்துக்கொண்டு இறங்குகிறதாம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கத்தல். மாமா நடந்து போகிறவனைவிட மெதுவாக ஓட்டியும் பலனில்லை. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் அக்கா கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலங்க. அந்த வண்டில ஏத்துறதுக்குப் பதிலா என்னக் கொன்னுபோடுங்க."

இரண்டு பேர் சேர்ந்து தூக்கியிருக்கலாம். மாமா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் போகவில்லை.

மறுநாளே பட்டை மாற்றக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். முதல் கடைக்காரனுக்கு வாய் நீளம். பளபளவென்று பெயிண்ட் அடித்த ஒரு பட்டை அடுக்கைக் காட்டி, "யானைய ஏத்துங்கண்ணே, அசையாது" என்றான். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருந்ததைவிட இன்னும் தடிமன், இன்னும் இரண்டு பட்டை கூடுதல். மாட்டிக்கொண்டு வந்தோம். வழியில் என்னைப் பின்சீட்டில் அக்கா மாதிரி படுத்துக்கொள்ளச் சொன்னார்.

பத்துப் பாறை தாண்டுவதற்குள் என் பல்லெல்லாம் ஆடிவிட்டது. "மாமா, நிறுத்துங்க! எனக்கு இன்னும் கல்யாணமாகல, இடுப்பு வேணும்!" என்று அலறினேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். யானை ஏறினாலும் அசையாத பட்டை என் அக்கா ஏறினால் எப்படி அசையும்? கடையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இன்னொரு வாரமும் போயிற்று.

அடுத்துப் போனது ஒரு பட்டறைக்கு. அங்கே இருந்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன லோடு ஏத்துவீங்க?"

"லோடு இல்லீங்க. என் பொண்டாட்டி."

"எத்தன கிலோ?"

மாமா என்னைப் பார்த்தார். "ஒரு சிமெண்ட் மூட்ட கனம்கூட இருக்க மாட்டா" என்றேன் நான்.

அப்போதுதான் அந்த ஆள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பாரவண்டிப் பட்டை பாரம் இல்லாதபோது வெறும் கட்டைதான் என்றார். எங்களுக்கு வேண்டியது மெல்லிசாக, நீளமாக, நுனியைச் சீவி இறக்கிய பட்டை. உயரம் பட்டையின் வளைவிலேயே வர வேண்டும். நடுவில் ஒன்றைச் செருகித் தூக்கக் கூடாது. மெல்லிசு என்பதால் எஃகு நல்லதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ரெடிமேட் கட்டு அவரிடமே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவரே உதட்டைப் பிதுக்கினார். "இது மட்டமான இரும்பு. கொஞ்ச நாள்ல படுத்துடும். ஒடஞ்சாலும் ஒடையும். நல்லது வேணும்னா நான் சொல்லிச் செஞ்சு வரணும். ரெண்டு வாரம் ஆகும்."

"இதையே மாட்டிட்டுப் போயிடலாம் மாமா" என்று நான் நச்சரித்தேன். "கொஞ்ச நாள் தாங்கினாப் போதாதா?"

"நடு ஓடைல ஒடஞ்சு வண்டி சாஞ்சுதுன்னா? அவள யாரு தூக்குறது, எப்படித் தூக்குறது? நல்லதாவே வரட்டும்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? இன்றைக்கும் என்னால் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதை நினைத்தால்தான் வயிறெரிகிறது.

அந்த இரண்டு வாரமும் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. பட்டறைக்குப் போன் போட்டுப் போட்டு அந்த ஆளிடம் திட்டு வாங்கினார். அக்காதான் கடைசி நாட்களில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "வலி கொறஞ்ச மாதிரி இருக்குங்க" என்றாள். நாங்கள் சாமி கண்ணைத் திறந்துவிட்டதாக நினைத்தோம்.

பட்டை வந்தது. மாட்டி முடித்ததும் மாமா வண்டியின் பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கினார். வண்டி மெத்தென்று இறங்கி மெத்தென்று எழுந்தது. அக்காவைத் தூக்கி வந்து பின்சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தோம். நான் அவள் கால்மாட்டில் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பாறை. மாமாவின் தோள் இறுகியது. அக்கா கத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கத்தவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க. சுத்தமா வலிக்கல."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

மாமா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! அந்தப் பட்டறைக்காரருக்குக் கோயில் கட்டலாம் என்றார். பிறகு அழுதார், மறுபடியும் சிரித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சீட்டுக்கடியில் இருந்த ஜாக்கி உருண்டு வந்து, தொங்கிக்கொண்டிருந்த அக்காவின் பாதத்தைச் சீட்டுக்கால் இரும்போடு நசுக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்து போயிருந்தது. அக்கா ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகம் பெயர்ந்த அந்த விரலை அழுத்தினேன். திரும்பவில்லை. முழங்காலில் கிள்ளினேன். திரும்பவில்லை.

"அக்கா, எப்பலேருந்து?"

"என்னது?"

"காலு. எப்பலேருந்து தெரியல?"

"மூணு நாளா மரத்த மாதிரிதான் இருக்கு. நல்லதுதானடீ, வலி விட்டுச்சே."

முன்சீட்டை எட்டித் தட்டினேன். "மாமா, வேகமாப் போங்க" என்றேன்.

"எதுக்கு? பட்டை நல்லா இருந்தாலும் பாத்துத்தான் போகணும் பாப்பா. அவளுக்குக் குலுங்கும்."

"மிதிங்க மாமா! அவளுக்கு ஒண்ணும் வலிக்காது! காலே தெரியல அவளுக்கு!"

வண்டி நின்றே போயிற்று. கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அப்புறம் மிதித்தார். அந்தப் பாதையில் யாரும் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பாறை, குழி, ஓடை எதையும் பார்க்காமல் விட்டு ஏற்றினார். பட்டை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. நல்ல பட்டை, குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு குழிக்கும் கேட்டார்.

"வலிக்குதாம்மா?"

அக்கா என் முகத்தையும் ரத்தம் வழிந்த தன் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"கத்தும்மா" என்றார் மாமா. "உன்னக் கும்புட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு தடவ வலிக்குதுன்னு சொல்லும்மா."

தார்ச்சாலைக்கு முன்னால் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. எப்போதும் அங்கேதான் அக்கா அதிகமாகக் கத்துவாள். அக்கா சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதுங்க" என்று கத்தினாள்.

பள்ளம் இன்னும் வரவில்லை.