மோதினார் மாமாவின் சிவப்பு விளக்கு

தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அந்தப் பாட்டுப்பெட்டியை மோதினார் மாமா முகம் துடைக்கிற லேஞ்சியில் பொதிந்து, சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் கையையும் பொத்திக்கொண்டு எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மனிதர் பாட்டுப்பெட்டியோடு திரிகிறார் என்று எங்கள் ஊரான தில்லையடியில் ஒரு வாய் கிளம்பினால் போதும், அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் கதை மதுரங்குளி வரை போய்விடும். “பாட்டு ஒண்டும் இல்ல புள்ள, எங்கட மகள்ட குரல்தான் இருக்கு” என்று நான் கேட்காமலே சொன்னார். “பாட்டிருந்தாலும் நான் ஆருக்கும் சொல்ல மாட்டன் மாமா” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை. “இதுக்கு மூச்சே இல்ல, மௌத்தாப் போச்சுப் போல. கொஞ்சம் பாருங்க” என்றார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமாவும் மாமியும் தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நான் மதுரங்குளியிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். இரத்த உறவு ஒன்றுமில்லை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில், அவ்வளவுதான். அவர்களுடைய ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் போன பிறகு மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போனது ஒருபுறமிருக்க, ஆட்களும் மறந்துபோனார்கள். நாள் தவறாமல் கஞ்சி கொண்டுபோகிற என்னையே “நீ ஆர்ட புள்ள?” என்று கேட்பார். மகளை மட்டும் மறக்கவில்லை. அவள் வந்து ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வார். மாமா கெஞ்சுவார், அதட்டுவார், கடைசியில் மதிலோரம் வந்து நின்று கண்ணைத் துடைப்பார். மாமி எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் பெருநாள் காணமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட மகள், ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தாள். அதில் அவள் குரலைப் பதிந்திருந்தாள். “உம்மா, நான்தான். சோறு ஆறப்போகுது, வாயத் தொறங்க. ஆ... இன்னொரு வாய். மீன்ல முள்ளு இல்ல, நான் பாத்துட்டன்.” அதைக் கேட்டதும் மாமி வாயைத் திறந்தாராம். “ரெண்டு மூணு நாள் வயிறு நிறையத் திண்டா புள்ள. பொறகு பெட்டி ‘வாயத் தொ’ எண்டதோட நிண்டுட்டு. அவ தொறந்த வாயோட என்னையே பாத்துக்கொண்டிருக்கா” என்று மாமா சொன்னார்.

பெட்டியை வாங்கிச் சார்ஜில் போட்டேன். கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது. மீன் கழுவி, ஆணம் காய்ச்சி இறக்கிவிட்டு வந்து பார்த்தால் பச்சை. கொண்டுபோய்க் கொடுத்தேன், மாமி சாப்பிட்டார், நானும் பெரிய டொக்டர் போல நடந்து வீட்டுக்கு வந்தேன். சில நாட்களில் லேஞ்சிப் பொதி மறுபடியும் வாசலில். “உங்கட வீட்டுக் கரண்ட் நல்ல கரண்ட் புள்ள. எங்கட கரண்ட் இதுக்குப் புடிக்குதில்ல” என்றார். கரண்ட்டிலுமா நல்லது கெட்டது? நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

மாமா பிஸ்மி சொல்லி வயரைக் குத்தினார். சிவப்பு எரிந்தது. உடனே கழற்றிவிட்டார்.

“என்ன மாமா, கழட்டிட்டீங்க?”

“சிவப்பு எரியுதே புள்ள.”

“எரியத்தானே வேணும்!”

“சிவப்பெண்டா கூடாதெண்டுதானே. நானும் ஒவ்வொரு வக்தும் தொழுதுட்டு வந்து குத்திப் பாக்கிறன். ஒரு வக்துக்காவது பச்சை எரியுதில்ல.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விவரமில்லாத பிள்ளை என்று இரக்கப்படுகிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே ஒரு சீவன் பட்டினி கிடக்கிறது, இந்த மனிதர் விளக்கோடு பிடிவாதம் பிடிக்கிறாரே!

மத்தியானம் கணவரிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பள்ளிவாசலின் முன்சுவரில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதாம். எல்லாரும் சேர்ந்து தொழுகிற ஜமாஅத் தொழுகை தொடங்கப்போகிறது என்றால் அது எரியும். எரிந்த பிறகு யாரும் தனியாகச் சுன்னத்துத் தொழுகையைத் தொடங்கக்கூடாது. அந்த விளக்கின் சுவிட்ச்சைப் போடுகிறவரே மோதினார் மாமாதான். பெண்ணாகப் பிறந்து பள்ளிக்குள் காலடி வைக்காத எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! அத்தனை வருடமாகச் சிவப்பைக் காட்டி ஊரையே நிறுத்திய மனிதர், தானும் சிவப்புக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார். கோபமெல்லாம் வடிந்து, பாவமாகப் போய்விட்டது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் போனேன். “மாமா, பள்ளியில சிவப்பு எரிஞ்சா என்ன செய்வீங்க?”

“ஒண்டும் தொடங்கமாட்டன். பொறுத்து நிப்பன்.”

“அப்ப இதுக்கும் பொறுத்து நில்லுங்க. சிவப்பு எரிஞ்சா உள்ளுக்குக் கரண்ட் ஏறுது, கை வைக்கப்படாது. பச்சை வந்தா நிறைஞ்சிட்டு, கழட்டலாம். கதைக்கிற நேரம் சிவப்பு கண்ணச் சிமிட்டினா, அதுக்குப் பசிக்குது.”

கொஞ்சம் யோசித்தார். “ஓம், அது ஞாயம்தான்” என்றார். கதிரையை இழுத்துப் போட்டு, மர வாங்கின்மேல் இருந்த பெட்டியில் எரிந்த அந்தக் கடுகு விளக்குக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். மாமி கட்டிலில் கிடந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பச்சை வந்தபோது மாமா சொன்ன அல்ஹம்துலில்லாஹ் மதில் தாண்டி எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகளின் குரலும் கேட்டது. மீனில் முள் இல்லை என்றது. அன்றைக்கு நான் குசினியில் நின்று அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்!

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைபேசி. சார்ஜ் எவ்வளவு ஏறியது என்று இலக்கத்திலேயே காட்டுகின்றன, யாரும் முன்னால் உட்கார்ந்து காத்திருப்பதில்லை. மாமாவும் இல்லை, மாமியும் இல்லை. அவர்களை நினைத்தால் மகள் திரும்பி வந்த அந்த மத்தியானம்தான் எனக்கு முதலில் வரும். வந்த வேனிலிருந்து பெட்டிகளை இறக்கக்கூட விடாமல் ஓடிப்போய் உம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமி அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “நீ ஆர்ட புள்ள?” என்று கேட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமாதான் சோற்றுக் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். “அழாத மகள். பெட்டியில சொன்னதச் சொல்லு” என்றார்.

“உம்மா, நான்தான். சோறு ஆறப்போகுது, வாயத் தொறங்க” என்றாள், அழுகையும் குரலுமாக. மாமி வாயைத் திறந்தார். பெட்டியில் இருந்ததெல்லாம் முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. வந்த வழியைச் சொன்னாள், உம்மாவின் முடி நரைத்துப்போனதைச் சொன்னாள், இனிப் போகமாட்டேன் என்றாள். மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கோப்பை முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு கண்ணைத் திறந்து, அவளைத் தாண்டி மாமாவைத் தேடிப் பார்த்தார்.

“இண்டைக்கு நிக்காமக் கதைக்கிறாள். நீங்க கழட்டிப் போடாதீங்க.”

“ஓம்” என்றார் மாமா. “கழட்டமாட்டன்.”