சுறா எண்ணெய் பூசிய திருகு

போன மாதம் கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் போன வானின் சில்லு ஒன்றுக்குக் காற்றுப் போய்விட்டது. டிரைவர் பொடியன் ஜாக்கியை வைத்து ஏற்றினான். உருண்டுபோன நட்டை எடுக்க அவன் வானுக்கு அடியில் தலையை விட்டதுதான் தாமதம், நான் தெருவோரத்துக் கருங்கற்களைத் தூக்கிவந்து அடியில் அடுக்கத் தொடங்கிவிட்டேன். மகள் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, இது புது ஜாக்கி. ஏறேக்கை ஒரு சத்தமும் போடேல்ல, பாத்தனீங்கள்தானே?"

பார்த்தேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து சுறா எண்ணெய் மணம் வந்தது. தோணிப் பலகைக்குப் பூசுவார்கள். உங்களுக்கு அந்த மணம் பழக்கமோ தெரியாது. சட்டையில் பட்டால் சட்டையைத்தான் எறியவேண்டும். எனக்கு அது மூக்கில் பட்டால், எதற்காவது அடியில் யாராவது கிடக்கிறார்களா என்று கண் தேடும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் உட்துறைமுகக் கரையிலிருந்த ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்தேன். கதவைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பிப் போவேன். அந்தப் பதற்றத்தில் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிடுவேன். அப்படி ஒரு பிறவி.

படகின் அடிப்பலகையைத் திருத்துவதற்கு அதை நான்கு பெரிய திருகு ஜாக்கிகளில் ஏற்றி நிறுத்துவோம். நீளமான கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செக்கு மாடு மாதிரி ஆட்கள் சுற்றிவரவேண்டும். ஒரு படகு ஏறி முடிய மத்தியானமாகிவிடும். முதலாளிக்குப் பொறுமை இல்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். "நாங்களே செய்வம். ஒரு சுத்துக்கு ரெண்டு மடங்கு ஏறவேணும்" என்று, பட்டறையில் படம் கீறுகிற சிவத்திடம் சொல்லிவிட்டார். சிவம் என் வயதுக்காரன், தொழில்நுட்பம் படித்தவன். திருகுத் தண்டில் ஒரு வாய்க்காலுக்குப் பதில் இரண்டு வாய்க்கால் சேர்ந்து சுற்றிப்போகிற மாதிரி, அகலமான புரியோடு புதுத் திருகை வரைந்தான்.

"தானா இறங்காதோ?" என்று கேட்டேன்.

கடதாசியை முக்கோணமாக வெட்டிப் பென்சிலில் சுற்றிக் காட்டினான். "இதுதான் திருகு, ஐசே. பென்சிலைச் சுத்திப் போற ஏத்தம். ஏத்தம் சின்னன் எண்டா விட்ட வண்டில் விட்ட இடத்திலை நிக்கும். செங்குத்து எண்டா உருண்டு வரும். எங்கட புரி ரெண்டுக்கும் நடுவிலை."

"நடுவிலை எண்டா?"

"நிக்கும். இரும்பும் இரும்பும் உராயுற பிடியே போதும். கணக்குப் பாத்தனான். உமக்கு வேறை வேலை இல்லையோ?"

'நடுவிலை' என்ற சொல் அன்றைக்கு எனக்குச் சோற்றை இறங்கவிடவில்லை.

ஆனால் நின்றது. வாரக்கணக்காக நின்றது. ஒரே குறை, சுற்றும்போது கூரைக் காகங்கள் எழும்பிப் பறக்கிற அளவுக்குக் கிரீச்சிட்டது. கிண்ணியாவிலிருந்து தினமும் மிதவைப் பாதை என்கிற தெப்பத்தில் ஏறி வருகிற மரவேலைக்காரர் ரகீம் நானா, "மாப்பிள்ள அழுதழுதுதான் ஏறுறாரு" என்பார். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடிப்பது அவர் வேலை.

ஒரு நாள் காலை லோஞ்ச் படகு ஒன்று ஜாக்கிகளில் ஏறியது. காகம் ஒன்றும் பறக்கவில்லை. பொடியன்கள் ஒற்றைக் கையால் சுற்றினார்கள்.

"நாந்தான் திருகுக்குச் சுறா எண்ணெய் பூசி உட்டன்" என்றார் நானா. "பாவம், பொடியன்மார்ர கை தோலுரிஞ்சு போய்க் கிடக்கு." எல்லோருக்கும் சந்தோசம். முதலாளிகூடச் சிரித்தார். வழக்கமாக ஏற்றியபின் நடுவில் மரக்கட்டை முட்டுக் கொடுப்போம். அன்று வேலை நடு அடிப்பலகையிலேயே என்பதால் கட்டையும் இல்லை.

நான் பார்த்தபோது ஒரு ஜாக்கியின் கைப்பிடி கடலைப் பார்த்து நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் வாசல் படலையைப் பார்த்து நிற்கிறது. யாரும் தொடவில்லை என்றார்கள். அடியில் நானாவின் சுத்தியல் டொக், டொக் என்று விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கைப்பிடி ஒரு நூல் நகர்ந்தது.

ஓடிப்போய்ச் சிவத்திடம் சொன்னேன். பென்சிலை வைத்தான். "எண்ணெயோ? ஆர் பூசினது?" அவன் முகம் வெளிறியதை அன்றுதான் கண்டேன்.

"நானா, வெளியிலை வாங்கோ!" என்று ஓடிவந்து குனிந்து கத்தினேன்.

"இன்னும் ஒரு சாண்தான் இரிக்கி. ஒனக்குத் தேத்தண்ணிக்கும் பயம் தம்பி."

அவர் சிரித்து முடிக்கவில்லை. நான்கு கைப்பிடிகளும் சுற்றத் தொடங்கின. மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. ஒன்றைச் சிவம் நெஞ்சால் மறித்தான். அது அவனையும் இழுத்துக்கொண்டு போனது. நான் நானாவின் காலைப் பிடித்து இழுத்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. "அம்மா" என்று கத்தியது மட்டும் நான்தான் என்று பிறகு எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். லோஞ்ச் நானாவின் சட்டைக் கையின் மேலும் எண்ணெய்ச் சட்டியின் மேலும் வந்து உட்கார்ந்தது. அது இறங்கியதில் கேட்ட முதல் சத்தம், சட்டியின் தகரம் நசுங்கியதுதான்.

நானா கிழிந்த சட்டையோடு கரையில் குந்தி, உப்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்த எண்ணெய் உப்புத் தண்ணீருக்குப் போகாது. "பாவம் பாத்துத்தானே பூசினன்" என்றார்.

முதலாளி ஜாக்கிகளைத் துடைத்துக் காயவைத்து, லொறியோடு வந்த ஒருவனுக்கு விற்றுவிட்டார். விற்கும்போது நல்லாகவே கிரீச்சிட்டன. லொறி புறப்படும்போது நான் ஓடிப்போய், "எண்ணெய் மட்டும் பூசிப்போடாதேங்கோ" என்றேன். அவன் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "இரும்புக்கு எண்ணெய் பூசாமல்?"

பட்டறை இருந்த இடத்தில் இப்போது வெறும் கரை. மிதவைப் பாதை போய்ப் பாலம் வந்துவிட்டது. ரகீம் நானா காலமாகிவிட்டார். சிவம் எங்கே என்று தெரியாது. அந்த நான்கு ஜாக்கிகளும் எங்கே என்றும் தெரியாது. ஆனால் அந்தத் தடித்த இரும்பு லேசில் அழியாது. எங்கோ ஒன்று இன்னும் எதையோ தாங்கிக்கொண்டு நிற்கும். அடியில் ஒருவன் படுத்திருப்பான். பக்கத்தில் ஒரு நல்ல மனுசன், அந்தக் கிரீச் சத்தம் பொறுக்காமல், எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டிருப்பான்.