எச்சில் தொட்ட பஞ்சு

மைசூரில் எங்கள் மாதா கோவிலில் பெரிய படம் ஒன்று உண்டு. மாதாவின் மடியில் ஆண்டவரின் உடல் கிடக்கும். அந்தக் காலத்துச் சீமைச் சாமியார்கள் கொண்டுவந்தது. படம் முழுக்க இருட்டு. வெளிச்சம் அந்த உடம்பின் மேல் மட்டும் விழும். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக, வெள்ளிக்கிழமைதோறும் படத்தில் ஆண்டவரின் பாதத்தில் முத்தமிட்டு வந்தேன். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

ஒரு வெள்ளிக்கிழமை போனபோது, படத்தைச் சுத்தம் செய்ய ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் கட்டிய விளக்கு. குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து ஈரமாக்கி, ஆண்டவரின் மேல் தேய்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, ஆண்டவர் மேல எச்சிலா?"

"எச்சில்தாம்மா நோகாம அழுக்கெடுக்கும். நீங்க மட்டும் பன்னீரா தெளிச்சீங்க? இங்க பாருங்க."

விளக்கைப் பாதத்தின் பக்கம் திருப்பினார். விரல்களே இல்லை. சாயம் போய், படம் வரைந்த வெறும் துணி தெரிந்தது.

"முத்தம் கொடுத்தே தின்னுட்டீங்க. யாருக்காக?"

சொன்னேன்.

"நடந்தாரா?"

"இன்னும் படுக்கையிலதான்."

"அப்ப அவருக்கும் கால் வரல, இவருக்கும் கால் போச்சு" என்று சிரித்தார்.

அன்று முத்தமிடாமலே புறப்பட்டு, வாசலில் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் ஆண்டவரின் விலாக்காயத்தைத் துடைத்துவிட்டு, குழந்தையின் புண்ணுக்கு ஊதுவதுபோல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார். என்னைக் கேலி செய்து சிரித்த அதே வாய்தான்.